கொல்லிமலைக்கு ஒரு புது கார்... ரோட்டில் கிடந்த தழையும், அதைப் படிக்கத் தெரிந்த அம்மாயியும்!

என் போனில் 38 விநாடி வீடியோ ஒன்று இருக்கிறது. ஆபீஸுக்காக எடுத்தது. இதுவரை எங்கேயும் போடவில்லை. இனியும் போடப்போவதில்லை.

தை மாதம். மாமா புது கார் வாங்கியிருந்தார். அம்மா பிறந்த வீட்டுக்குப் பூர்வீகம் நாமக்கல் பக்கம். குலதெய்வம் கொல்லிமலை எட்டுக்கை அம்மன். அந்த வீட்டில் சைக்கிள் வாங்கினாலும் சரி, லாரி வாங்கினாலும் சரி, அம்மன் முன்னால் ஒருமுறை நிறுத்தாமல் ஊர் சுற்ற முடியாது. அப்புச்சி லாரி ஓட்டிய காலத்திலிருந்து வரும் பழக்கம். அதனால் மாமா, அத்தை, அம்மா, நான், எழுபத்தெட்டு வயது அம்மாயி என ஐந்து பேர், ஒரு தூக்குச்சட்டி நிறைய புளியோதரையோடு தாம்பரத்திலிருந்து அதிகாலை இரண்டரை மணிக்குக் கிளம்பினோம். சுமார் 350 கிலோமீட்டர்.

மாமா வாங்கியது டாப் மாடல். 'அடாஸ்' இருக்கிறது. டிரைவருக்கு உதவி செய்யும் வசதிகளை மொத்தமாக அப்படித்தான் சொல்கிறார்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா, முன் பம்பர் பக்கம் ஒரு ரேடார். இரண்டும் சேர்ந்து ரோட்டைப் பார்க்கும். முன்னால் போகும் வண்டிக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். கோட்டைத் தாண்டினால் ஸ்டீயரிங்கை மெல்லத் திருப்பும். மோதப்போகிறோம் என்று தோன்றினால் பிரேக்கும் போடும்.

"இனிமே நான் ஓட்ட வேண்டியதில்ல பாப்பா. அதுவே ஓட்டிக்கும். நான் சும்மா கம்பெனி கொடுக்கறேன், அவ்வளவுதான்" என்றார் மாமா.

உண்மையைச் சொன்னால், செங்கல்பட்டு வரைக்கும் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஜி.எஸ்.டி. சாலையில் அந்த நேரத்துக்கே தென்மாவட்ட ஆம்னி பஸ்கள் சென்னையை நோக்கி வரிசைகட்டி வந்துகொண்டிருந்தன. எங்கள் பக்கம் ஓரளவு காலி. கோடுகள் பளிச்சென்று இருந்தன. கார் தண்டவாளத்தில் போவதுபோலப் போனது. முன்னால் ஒரு வேன் வேகம் குறைத்தால் நாங்களும் குறைத்தோம். அது விலகினால் நாங்களும் வேகம் பிடித்தோம். மாமா கால் இரண்டையும் பின்னுக்கு இழுத்துச் சீட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டார்.

ஒரே ஒரு எரிச்சல். முன்வண்டிக்கும் நமக்கும் நடுவில் கார் ஒழுங்காக இடைவெளி விடுகிறது. நம்ம ஊர் ரோட்டில் இடைவெளி என்பது அழைப்பிதழ். உடனே ஒருவர் வந்து புகுந்துவிடுகிறார். கார் மறுபடி பின்வாங்கி இடைவெளி விடுகிறது. இன்னொருவர் புகுகிறார். பரனூர் டோல்கேட் தாண்டி ஒரு லோடு ஆட்டோ அப்படித் திடீரென்று குறுக்கே வந்ததும் கார் தானாகவே சடக்கென்று பிரேக் போட்டது. மாமா போட்டிருந்தால் அவ்வளவு அழுத்தமாகப் போட்டிருக்க மாட்டார். பின்னால் ஒட்டிக்கொண்டு வந்த பஸ்ஸின் ஹெட்லைட் எங்கள் பின்கண்ணாடி முழுவதையும் நிரப்பியது. அந்த டிரைவர் அடித்த ஹாரன் கொஞ்ச தூரம் வரைக்கும் காதில் இருந்தது.

"பின்னால வர்றவனுக்கு நம்ம வண்டி புத்திசாலின்னு எப்படித் தெரியும்?" என்றார் அத்தை. மாமா பதில் சொல்லவில்லை.

மதுராந்தகம் ஏரிப் பக்கம் பனி இறங்கியிருந்தது. ஸ்டீயரிங் படம் பச்சையிலிருந்து சாம்பல் நிறத்துக்கு மாறியது. கேமராவுக்குக் கோடு தெரியவில்லை என்று அர்த்தம். சத்தம் எதுவும் வரவில்லை, ஒரு சின்னப் படம் நிறம் மாறியது, அவ்வளவுதான். மாமா கவனித்தாரா என்று தெரியாது. பனி விலகியதும் படம் மறுபடி பச்சையானது. திண்டிவனம், விழுப்புரம் எல்லாம் தூக்கத்தில் போல வந்து போயின.

உளுந்தூர்பேட்டையில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டு சேலம் ரோட்டுக்குத் திரும்பினோம். இந்த ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும். நான்கு வழியாக அகலமாகப் போய்க்கொண்டே இருக்கும். ஊரைச் சுற்றிப்போகும் பைபாஸ் வந்ததும் திடீரென்று இரண்டு வழியாகச் சுருங்கிவிடும். நடுவில் தடுப்பும் இருக்காது. எதிரில் வருகிற லாரி நேராக நம் மூக்குக்கு வரும். இப்படி ஒரு பைபாஸ் இல்லை, வழிநெடுக. ரொம்ப வருடமாக விபத்துக்குப் பேர்போன சாலை. நாங்கள் போனபோது சில இடங்களில் அகலப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. பழைய வெள்ளைக் கோடு ஒரு பக்கம் இழுக்கும், புதிய தார் இன்னொரு பக்கம் வளையும். இரண்டில் எது இப்போதைய ரோடு என்பதை மணல் மூட்டையையும் சிவப்புத் துணியையும் பார்த்து நாம் தெரிந்துகொள்வோம். கார் கோட்டைத்தான் பார்க்கும்.

கள்ளக்குறிச்சி நெருங்கும்போது மணி ஐந்தே முக்கால் இருக்கும். இன்னும் இருட்டு. எனக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. "மாமா, கையை ஸ்டீயரிங்லேர்ந்து ஒரு பத்து செகண்ட் எடுங்களேன். 'கார் தானா ஓடுது பாருங்க'ன்னு ஒரு வீடியோ போடலாம். நல்லா போகும்."

ஆமாம், கேட்டது நான்தான்.

மாமா சிரித்துக்கொண்டே கையை எடுத்தார். எடுத்த கை சும்மா இருக்குமா? டச் ஸ்கிரீனில் பாட்டு மாற்றப் போனது. நான் போனில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அதாவது படம் பிடித்துக்கொண்டிருந்தேன். ரோட்டைப் பார்க்க வேண்டிய நான்கு கண்ணில் ஒன்றுகூட ரோட்டில் இல்லை.

க்ரூஸ் கன்ட்ரோல் 90-ல் செட் ஆகியிருந்தது. முன்னால் ஒரு லாரி 70-ல் போனதால் நாங்களும் 70. வீடியோவில் 19-வது விநாடியில் அந்த லாரி சட்டென்று வலதுபக்கம் ஒதுங்குகிறது. அடுத்து நடந்ததைத்தான் நான் எத்தனை முறை திரும்பத் திரும்பப் பார்த்திருப்பேன் என்று தெரியாது. லாரி விலகியதும் எங்கள் கார் வேகம் பிடிக்கிறது. இன்ஜின் சத்தம் தெளிவாகக் கேட்கிறது. அதன் கணக்கில், வழிமறித்த லாரி போய்விட்டது, 90 பாக்கி இருக்கிறது.

20-வது விநாடியில் அம்மாயியின் குரல். "டேய், தழை கெடக்குதுடா!"

21-ல் மாமா பிரேக் மிதிக்கிறார். அதற்கும் பிறகுதான் கார் 'பீப் பீப்' என்று கத்துகிறது. பிறகு படம் முழுக்கக் காரின் கூரை.

நின்றபோது எங்களுக்கு முன்னால் ஒரு பைக் நிறுத்தும் அளவு இடம் இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் கரும்பு ஏற்றிய டிராக்டர். டிரெய்லரில் டயர் வெடித்து நடுரோட்டிலேயே நின்றுவிட்டது. பின்னால் விளக்கு இல்லை. ரிஃப்ளெக்டர் இருந்திருந்தாலும் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த கரும்பு அதை மூடியிருக்கும். டிராக்டர்காரர் தனக்குத் தெரிந்த எச்சரிக்கையைச் செய்திருந்தார். கொஞ்ச தூரம் பின்னால் நாலு கல்லை வைத்து, வேலியோரம் ஒடித்த தழையை ரோட்டில் போட்டிருந்தார்.

அப்புச்சியோடு லாரியில் எத்தனையோ ராத்திரி கேபினில் உட்கார்ந்து போனவர் அம்மாயி. ரோட்டில் தழை கிடந்தால் முன்னால் ஒரு வண்டி படுத்திருக்கிறது என்று அர்த்தம். அது அவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டிய விஷயமில்லை. அதனாலேயே காரில் ஏறினால் தூங்க மாட்டார். இரண்டு முன்சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டிக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டு வருவார். "பின்னால சாஞ்சு உக்காரும்மா" என்று மாமா வழியில் இரண்டு முறை சொல்லியிருந்தார்.

70 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் விநாடிக்கு 19 மீட்டருக்கு மேல் போகிறது. அம்மாயி ஒரு விநாடி கழித்துக் கத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது சின்னக் கணக்கு. நான் அதைப் போட்டுப் பார்த்தேன். இங்கே எழுதவில்லை.

ஆத்தூர் வரைக்கும் யாரும் பேசவில்லை. அங்கே ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். மாமா கையில் டீ கிளாஸ் ஆடிக்கொண்டிருந்தது. அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டவில்லை. அதற்குத் திட்டியே இருக்கலாம்.

நான் செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது. அந்தக் காரின் கையேட்டை போனில் டவுன்லோடு செய்து, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். நானூறு பக்கத்துக்கு மேல். வண்டி வாங்கும்போது கொடுத்த அச்சுப் புத்தகம் பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காமல் டேஷ்போர்டு பெட்டிக்குள் கிடந்தது. நம்மில் எத்தனை பேர் பிரித்திருக்கிறோம், சொல்லுங்கள்?

எங்களுக்கு நடந்தது அதில் அப்படியே இருந்தது. முன்னால் போகும் வண்டி விலகி, அதற்கு முன்னால் நின்றுகொண்டிருக்கும் வண்டி திடீரென்று தெரியவந்தால் இந்த வசதி வேலை செய்யாமல் போகலாம். வளைவில் முன்வண்டி கேமரா பார்வையிலிருந்து விலகினால் கார் வேகம் பிடிக்கலாம். மழை, பனி, எதிர்வெயில், அழிந்த கோடு, சாலைப்பணி, சேறு படிந்த ரேடார், குறுக்கே வரும் மாடு என்று பக்கம் பக்கமாகப் போகிறது பட்டியல். ஷோரூமில் டெமோ காட்டிய பையன் இதில் ஒன்றையும் சொல்லவில்லை என்றார் மாமா. நின்றுகொண்டிருக்கும் பொருளைக் கண்டுபிடிப்பதில் என்ன கஷ்டம் என்று அத்தை கேட்டார். நியாயமான கேள்வி. ரேடாரின் கண்ணுக்கு பாலம், பெயர்ப்பலகை, ரோட்டோரக் கம்பி எல்லாமே நின்றுகொண்டிருப்பவைதான். ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டால் வண்டி நகராது. அதனால் வேகமாகப் போகும்போது அசையாத பொருளை நம்புவதில் இந்த மாதிரி அமைப்புகள் தயங்கும்படிதான் செய்யப்பட்டிருக்கின்றன. புதிய கார்களில் இது முன்னேறியிருக்கிறது. ஆனாலும் கையேட்டில் அந்த எச்சரிக்கை வரி இன்னும் இருக்கிறது.

எஸ்.ஏ.இ. என்ற பொறியாளர் அமைப்பு தானியங்கி வசதிகளை 0 முதல் 5 வரை ஆறு நிலையாகப் பிரித்திருக்கிறது. நம் ஊரில் அடாஸ் என்று விற்பது பெரும்பாலும் 2-ம் நிலை. ஸ்டீயரிங்கையும் வேகத்தையும் கார் பார்த்துக்கொள்ளும். ரோட்டைப் பார்ப்பது முழுக்க முழுக்க டிரைவர் வேலை. பெயரில் 'ஆட்டோ' வந்தாலும் சட்டப்படி ஓட்டுவது நாம்தான்.

வெளிநாட்டில் கோடு பளிச்சென்று இருக்குமே, அங்கே சரியாக வேலை செய்யுமே என்று அம்மா கேட்டார். 2016 மே மாதம் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு டெஸ்லா கார், ரோட்டைக் குறுக்கே கடந்த டிரெய்லர் லாரியின் அடியில் புகுந்து அதை ஓட்டியவர் இறந்தார். காரும் பிரேக் போடவில்லை, அவரும் போடவில்லை. விசாரித்த அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், டிரைவர் அந்த வசதியை அளவுக்கு மீறி நம்பியதையும் ஒரு காரணமாகச் சொன்னது. 2018 மார்ச்சில் அரிசோனா மாநிலத்தில் சோதனை ஓட்டத்தில் இருந்த ஊபர் கார், இரவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்த பெண் மீது மோதியது. காரைக் கண்காணிக்க உட்கார்த்தியிருந்தவர் அப்போது பார்த்துக்கொண்டிருந்தது போனை. இதைச் சொல்லிவிட்டு நான் என் போனைப் பைக்குள் வைத்தேன்.

நம் கணக்கு இன்னும் பெரியது. 2022-ல் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள், 17,884 பேர் மரணம் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. விபத்து எண்ணிக்கையில் அந்த வருடம் நாட்டிலேயே முதலிடம் நமக்குத்தான். அதனால் பிரேக் போடத் தெரிந்த கார் வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. டிரைவர் அசந்த நேரத்தில் ஒரு 'பீப்' எத்தனையோ உயிரைக் காப்பாற்றும். எங்கள் காரும் கடைசியில் கத்தத்தான் செய்தது, அம்மாயிக்குப் பிறகு.

ஆத்தூரிலிருந்து நான் ஓட்டினேன். மாமாவே சாவியைக் கொடுத்தார். மரவள்ளிக் காடுகளும் ஜவ்வரிசி ஆலைகளும் தாண்டி நாமகிரிப்பேட்டை. ஊர்ப் பலகையைப் பார்த்ததும் அம்மாவுக்கு நாகஸ்வரம் நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் ஞாபகம் வந்து, அம்மாவும் அத்தையும் பழைய கல்யாணக் கதைகளை எடுத்துவிட்டார்கள். காரில் மறுபடி உயிர் வந்தது.

அந்த ரோட்டில் இன்னொன்றைக் கற்றுக்கொண்டேன். இரண்டு பக்கமும் கால்நடைத் தீவனக் கட்டு தொங்க ஒருவர் எக்ஸ்.எல். வண்டியில் போய்க்கொண்டிருந்தார். அவருக்கு இடம் விட்டு நான் கொஞ்சம் வலது பக்கம், நடுக்கோட்டின் மேல் ஏறினேன். ஸ்டீயரிங் என் கைக்குள்ளேயே இடது பக்கம், அந்த மனிதர் பக்கம் திரும்பியது! இண்டிகேட்டர் போடாமல் கோட்டைத் தாண்டினால் நாம் தூங்கிவிட்டோம் என்று காருக்கு நினைப்பு. திருப்பி உள்ளே தள்ளுகிறது. ஸ்டீயரிங்கை இறுக்கமாகப் பிடித்தால் நம் பேச்சைக் கேட்கும், இண்டிகேட்டர் போட்டால் விட்டுவிடும். ஆனால் லேசாகப் பிடித்திருந்தால்? நம் ரோட்டில் வெள்ளைக் கோட்டை ஒட்டிப் போகும் டூவீலர் இல்லாத கிலோமீட்டர் எது? அப்போதே வண்டியை ஓரம் கட்டி, அந்த வசதியை எங்கே அணைப்பது என்று தேடி அணைத்தேன். மூன்று திரை தாண்டி ஒளிந்திருந்தது. உங்கள் காரில் எங்கே இருக்கிறது என்று வீட்டு வாசலில் நிற்கும்போதே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ராசிபுரம், பேளுக்குறிச்சி, காளப்பநாயக்கன்பட்டி வழியாக காரவள்ளி. அங்கே மலை ஆரம்பிக்கிறது. 70 கொண்டை ஊசி வளைவு. மலைக்கு மாமாதான் ஓட்டினார், மொத்த அடாஸையும் அணைத்துவிட்டு, இரண்டு கையாலும். இந்த மலையில் அதற்கு வேலையும் இல்லை. வளைவில் கேமராவுக்குத் தெரிவது பாறையும் வானமும். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்ற விதி, வளைவுக்கு முன் ஒரு ஹாரன், மேலே இருந்து பஸ் வருகிறதென்று கையைக் காட்டும் எதிர்வண்டி டிரைவர், இவைதான் இங்கே உதவி. முப்பதாவது வளைவில் காற்று மாறியது. ஐம்பதுக்கு மேல் கண்ணாடியை இறக்கினால் குளிர். ஓரத்தில் மிளகுக்கொடி ஏறிய மரங்கள், கீழே நாமக்கல் சமவெளி வெயிலில் வெளுத்துக் கிடந்தது.

செம்மேட்டில் சாப்பிட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனோம். இந்த எட்டுக்கை அம்மனைத்தான் கொல்லிப்பாவை என்கிறார்கள். தானாக அசைந்து, சிரித்து மயக்கி, வந்தவரைக் கொல்லும் பாவை என்று சங்க காலத்திலிருந்து கதை. அம்மாயி கும்பிட்ட நேரம் வழக்கத்தைவிட அதிகம்.

பூசாரி காருக்கு நல்ல பூஜை செய்தார். சக்கரத்துக்கு நாலு எலுமிச்சை, பானெட்டில் பட்டை, முன்கிரில்லில் கட்டியாகச் சந்தனம், நடுவில் குங்குமம், மேலே ரோஜா மாலை. கண்ணாடியில் நட்டநடுவில், ரியர்வியூ மிரருக்குப் பின்னால், ஓம் ஸ்டிக்கர் ஒட்டக் கை நீட்டியவரை மாமா பதறித் தடுத்தார். "சாமி, அங்க கேமரா! ஓரமா ஒட்டுங்க." வண்டியைக் கிளப்பியதும் திரையில் மஞ்சள் எழுத்து. முன் ரேடார் மறைக்கப்பட்டுள்ளது. சந்தனம்தான். எல்லோரும் சிரித்துவிட்டோம், அன்றைக்கு முதன்முதலாக. மாமா அம்மாயியைப் பார்த்தார். "தொடச்சிக்கடா, அம்மன் ஒண்ணும் கோவிச்சுக்காது" என்றார் அம்மாயி. ஈரத்துணியால் துடைத்துவிட்டு, மாலையையும் பின்பக்கம் வைத்தோம்.

மறுநாள் மதியம் இறங்கினோம். இரண்டாவது கியரிலேயே, பிரேக்கை விட்டு விட்டு மிதித்து. நடுவில் ஒரு ஜீப்காரர் பிரேக் லைனிங் தீய்ந்த வாசனையோடு ஓரமாக நின்றிருந்தார்.

கள்ளக்குறிச்சி தாண்டும்போது சாயங்காலம். சின்னசேலம் தாண்டியதிலிருந்தே க்ரூஸ் போட்டிருந்தார் மாமா. ஆனால் கை ஸ்டீயரிங்கில், கால் பிரேக் பக்கம். அந்த இடம் நெருங்கியதும் அணைத்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை. எதிர்ப்பக்க ரோட்டில்தான் நாங்கள் நின்ற இடம். டிராக்டர் இல்லை. கரும்புச் சக்கை சிதறிக் கிடந்தது, தழை வாடி டயர் ஏறி நசுங்கியிருந்தது.

"கல்ல எடுத்துப் போடாம போயிட்டாம் பாரு" என்றார் அம்மாயி.

ஆமாம், நான்கு கல்லில் இரண்டு இன்னும் ரோட்டிலேயே இருந்தன. இன்னும் அரை மணியில் இருட்டிவிடும். மாமா கொஞ்ச தூரம் தள்ளி, இண்டிகேட்டர் போட்டு, ரோட்டை விட்டு மண்ணில் இறக்கி நிறுத்தினார். தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-ஐ அழைத்தார். மறுமுனையில் இடத்தைச் சரியாகச் சொல்லச் சொன்னார்கள்.

"பாப்பா, இறங்கிப்போய் கிலோமீட்டர் கல்லுல என்ன நம்பர்னு பாரு. பாத்துப் போ."

போனை சீட்டிலேயே வைத்துவிட்டு இறங்கினேன்.